முப்பத்தைந்து போதாத கணக்கு

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



மாத்திரை என்றால் என்ன என்று தமிழாசிரியை கேட்டால் நாம் அனைவரும் ஒரே குரலில் ஒப்பித்துவிடுவோம். கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. அதே சொல்லைத்தான் காய்ச்சல் வந்ததும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறோம். இலக்கணத்துக்கும் காய்ச்சலுக்கும் என்ன உறவு என்று நான் வெகு நாள் யோசித்ததுண்டு. மாத்திரை என்றால் அளவு. அவ்வளவுதான் விஷயம். நம் முன்னோர் மருந்துக்குப் பெயர் வைத்தபோதே அளவை அதன் பெயராக வைத்துவிட்டார்கள்.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று கட்டுரைப் போட்டியில் எழுதாதவர் நம் பள்ளியில் இருக்க முடியாது. ஆனால் அந்த அளவைக் கணக்குப் போடுகிறவர் யார் என்று எவரும் எழுதிப் பார்த்ததில்லை. மருத்துவர் சீட்டு எழுதுகிறார். மருந்தாளுநர் குப்பியை எடுத்துக் கொடுக்கிறார். கடைசியில் சிரிஞ்சில் இழுத்து நோயாளியின் உடம்பில் செலுத்துகிறவர் நர்ஸ். முன்னே இருவர் தவறினாலும் பிடிப்பதற்கு அவர் இருக்கிறார். அவர் தவறினால் பிடிப்பதற்குப் பெரும்பாலும் யாரும் இல்லை. ஆகவே நர்ஸிங் படிப்பில் மருந்தின் அளவைக் கணக்கிடும் பாடத்தை நான் ஏனைய பாடங்களைவிட ஒரு படி மேலே வைக்கிறேன். இது என் கருத்து. மாறுபடுகிறவர்கள் தாராளமாக மாறுபடலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பொதுத்தேர்வு நெருங்க நெருங்க எங்கள் வகுப்பில் மதிய இடைவேளையில் ஒரே பேச்சு, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதுதான். "எனக்குக் கணக்கு வராது, அதனால் நர்ஸிங்" என்று சொல்லும் தோழிகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கள் போதவில்லை. கணக்கு இல்லாத அறிவியல் பிரிவை எடுத்து, அதன் வழியாக நர்ஸிங் சேர்ந்துவிட்டால் கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடலாம் என்பது அவர்கள் கனவு. பள்ளி விழாக்களில் பேசுகிறவர்களும் இந்தக் கனவுக்குத் தூபம் போடுகிறார்கள். நர்ஸுக்கு வேண்டியது அன்பு, பொறுமை, புன்சிரிப்பு என்பார்கள். நம் ஊரில் கன்னியரையும் "சிஸ்டர்" என்கிறோம், நர்ஸையும் "சிஸ்டர்" என்கிறோம். அதனாலோ என்னவோ இருவருக்கும் கருணை மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டோம். (நம் கணக்கு ஆசிரியையும் ஒரு சிஸ்டர்தான் என்பதை நினைவூட்டுகிறேன். கருணையோடு கணக்கும் இருக்கக் கூடாதென்று விதி ஒன்றும் இல்லை.)

என் பெரியம்மா மகள் நர்ஸிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற ஆண்டு மருந்துக் கணக்குத் தேர்வில் அவள் தேறவில்லை. தேறும் வரை வார்டில் மருந்து எதையும் தொடக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மறுபடி எழுதினாள், மறுபடியும் போயிற்று. பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து கண்ணைக் கசக்கினார்கள். "நர்ஸ் வேலைக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு? டாக்டர் எழுதினதக் குடுத்தாப் போதாதா? புள்ளையப் போட்டு வதைக்கிறாங்க" என்றார்கள். பெரியப்பாவும், பக்கத்து வீட்டு மாமாவும், ஏன், என் அம்மாவும்கூட ஆமாம் போட்டார்கள். நான் மட்டும் "கல்லூரி செஞ்சது சரிதானே பெரியம்மா" என்றேன். "உனக்கு என்னடி தெரியும், நீ சின்னப் புள்ள" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். சின்னப் பிள்ளைதான். ஆனால் அக்காவின் நோட்டை வரி வரியாகப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொன்னேன்.

அந்த நோட்டில் இருந்த ஒரு கணக்கைக் கேளுங்கள். மருத்துவர் 0.5 கிராம் மருந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார். குப்பியில் 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. எத்தனை மில்லி கொடுக்க வேண்டும்? வழி மிக எளிது. வேண்டிய மருந்தை இருக்கும் மருந்தால் வகுத்து, அது கரைந்திருக்கும் நீரின் அளவால் பெருக்க வேண்டும். நாம் எட்டாம் வகுப்பில் போட்ட நேர்விகிதம்தான். அக்கா 0.5-ஐ 250-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கி 0.01 மில்லி என்று எழுதியிருந்தாள். கிராமை மில்லிகிராமாக மாற்றவில்லை. மாற்றியிருந்தால் 500-ஐ 250-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்க, 10 மில்லி வந்திருக்கும்.

பெரியம்மா சொல்வதுபோல் இது "சின்னத் தப்பு"தானா? சாதாரண டிரிப் குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. அப்படியானால் ஒரு சொட்டு 0.05 மில்லி. அக்காவின் விடை ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு! அப்படி ஒரு அளவை யாராலும் வாயில் ஊற்ற முடியாது. சூத்திரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கூட்டல் பெருக்கல் தெரிந்திருந்தது. வந்த விடையை ஒரு நொடி நின்று பார்த்து, "இது நடக்கிற காரியமா?" என்று கேட்கும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கத்தை நமக்கு யார் கற்றுக் கொடுக்கிறார்கள்? நாம் விடையை எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டு, அடுத்த கணக்குக்கு ஓடிவிடுகிறோம்.

மருத்துவமனைக்குப் போவானேன், நம் வீட்டிலேயே பார்க்கலாம். 12 கிலோ எடையுள்ள தம்பிப் பாப்பாவுக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கொடுக்கும்படி மருத்துவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 15-ஆல் பெருக்க 180 மில்லிகிராம். இதுவரை சிக்கல் இல்லை. கடையில் விற்கும் ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கிறது, அதில் 7.2 மில்லி கொடுக்க வேண்டும். இன்னொரு சிரப்பில் 5 மில்லிக்கு 250, அதில் 3.6 மில்லி போதும். கைக்குழந்தைகளுக்கென்று விற்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம், அதில் 1.8 மில்லி. அதே குழந்தை, அதே மருந்து, அதே காய்ச்சல். அளவு மட்டும் மூன்று விதம். முதல் சிரப்புக்குச் சொன்ன 7.2 மில்லியைச் சொட்டு மருந்துக் குப்பியிலிருந்து ஊற்றிவிட்டால் 720 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு, அந்தச் சின்னக் கல்லீரலுக்குப் போய்ச் சேரும். சிறிய குப்பியில் இருப்பது வலுக் குறைந்த மருந்து என்று நம் அம்மாமார் நம்புகிறார்கள். உண்மை தலைகீழ். இந்தக் குழப்பத்தால்தான் அமெரிக்காவில் 2011-இல் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் நீர்மருந்து எல்லாவற்றையும் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே அடர்த்திக்குக் கொண்டுவர உற்பத்தியாளர்கள் முன்வந்தார்கள். நம் கடைகளில் பல அடர்த்திகள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இதில் "ஒரு மூடி", "ஒரு ஸ்பூன்" என்ற வீட்டுக் கணக்கு வேறு! மருந்துக்கு ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லி. எங்கள் வீட்டு ஸ்பூன்களை நானே சிரிஞ்சால் அளந்து பார்த்தேன். ஒன்றில் 4 மில்லிகூடக் கொள்ளவில்லை. இன்னொன்றில் 7 மில்லி தாராளமாகக் கொண்டது.

அடுத்தது புள்ளி. எழுத்துக்கு மேலே புள்ளி வைக்காவிட்டால் மெய் உயிர்மெய் ஆகிவிடும் என்று நமக்குத் தெரியும். எண்ணுக்கு இடையே உள்ள புள்ளி அதைவிடக் கொடியது. ஓரிடம் நகர்ந்தால் பத்து மடங்கு. ஆகவே நர்ஸிங் மாணவியருக்கு ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அரை மில்லிகிராமை எழுதும்போது புள்ளிக்கு முன்னால் பூச்சியத்தைப் போட்டே ஆக வேண்டும். வெறும் புள்ளி ஐந்து என்றால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும். ஐந்து மில்லிகிராமை எழுதும்போது 5.0 என்று எழுதக் கூடாது. அது 50 ஆகிவிடும். முன்னால் பூச்சியம் வேண்டும், பின்னால் பூச்சியம் கூடாது. இன்சுலின் சீட்டில் யூனிட் என்பதற்கு ஆங்கில 'யு' எழுத்தை மட்டும் போட்டால் அது பூச்சியம்போல் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். ஆகவே யூனிட் என்று முழுச் சொல்லையும் எழுத வேண்டும். மைக்ரோகிராமுக்கு உரிய கிரேக்க எழுத்து அவசரத்தில் ஆங்கில 'எம்' போலத் தெரியும். அங்கே பிழை பத்து மடங்கல்ல, ஆயிரம் மடங்கு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் கூட்டு ஆணையம் 2004-இல் இவற்றில் பலவற்றை "எழுதக் கூடாதவை" என்றே பட்டியல் போட்டது. நம் கணக்கு நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். புள்ளிக்கு முன்னால் பூச்சியம் போடுகிறவர்கள் எத்தனை பேர்?

ஆயிரம் மடங்கு என்பது கதையல்ல. 2007 நவம்பரில் அமெரிக்க நடிகர் டென்னிஸ் குவெய்டின் பச்சிளம் இரட்டைக் குழந்தைகளுக்கு மருத்துவமனையில் ஹெபாரின் கொடுத்தார்கள். ஊசிக்குழாய் அடைத்துக்கொள்ளாதிருக்க ஒரு மில்லிக்கு 10 யூனிட் உள்ள மருந்து போதும். கொடுக்கப்பட்டதோ ஒரு மில்லிக்கு 10,000 யூனிட் உள்ளது. இரண்டு குப்பிகளின் சீட்டும் ஏறக்குறைய ஒரே நிறம். தெய்வாதீனமாகக் குழந்தைகள் பிழைத்தார்கள். அங்கே வேலை செய்தவர்களுக்கு அன்பு இல்லை என்று யார் சொல்வார்கள்?

எங்கள் தாத்தாவுக்குச் சர்க்கரை நோய். குளிர்பெட்டிக் கதவில் தக்காளிச் சாஸுக்குப் பக்கத்தில் இன்சுலின் குப்பி இருக்கும். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்திகளில் கிடைக்கிறது. ஒன்றில் மில்லிக்கு 40 யூனிட், மற்றதில் 100. 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. மங்கலான விளக்கில், கண்புரை உள்ள பாட்டிக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுதான். இனி கணக்கைப் பாருங்கள். தாத்தாவுக்கு 20 யூனிட். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லி. அரை மில்லியில் 50 யூனிட்! இரண்டரை மடங்கு. சர்க்கரை சரேலென்று இறங்கி, வியர்த்து, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். மாறாக 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை குறையவே குறையாது, "இந்த மருந்து சரியில்லை" என்று மருந்தின்மேல் பழி விழும். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாள் ஒருவர் பாட்டிக்கு இதை அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். சூத்திரம் எதையும் சொல்லவில்லை. இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் மற்றதில் ஐந்து ஸ்பூனும் கரைத்து, இரண்டிலும் ஒவ்வொரு வாய் குடிக்கச் சொன்னார். தாத்தா இருக்கும் வீட்டில் சர்க்கரைத் தண்ணீர்ப் பாடம்! பாட்டிக்கு அன்றே விளங்கிவிட்டது. அடர்த்தி என்ற பாடத்தை எனக்கும் அன்றுதான் யாரோ சரியாக நடத்தியதுபோல் இருந்தது.

சதவீதமும் விகிதமும் தேர்வோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். டிரிப் பாட்டிலில் 0.9 சதவீதம் உப்புக் கரைசல் என்று எழுதியிருந்தால் 100 மில்லியில் 0.9 கிராம் உப்பு, 500 மில்லி பாட்டிலில் 4.5 கிராம். அட்ரினலின் என்ற உயிர்காக்கும் மருந்தை 1-க்கு 1000 என்றும், 1-க்கு 10,000 என்றும் வழங்கி வந்தார்கள். பத்தாயிரம் பெரிய எண்ணாயிற்றே, அதுதான் வலுவானது என்று தோன்றுகிறது அல்லவா? 1-க்கு 1000 என்றால் மில்லிக்கு ஒரு மில்லிகிராம். 1-க்கு 10,000 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. நோயாளி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது இந்தப் புதிரை அவிழ்க்க நேரம் ஏது? தாத்தா காலத்தில் கிரெயின் என்றொரு எடை இருந்ததாம். ஒரு கிரெயினை 60 மில்லிகிராம் என்பாரும் உண்டு, 65 என்பாரும் உண்டு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நம் நாடு மெட்ரிக் அளவைக்கு மாறியது நம் நல்ல காலம்.

டிரிப் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. 500 மில்லி நீரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். 20 சொட்டு ஒரு மில்லி என்றால் மொத்தம் 10,000 சொட்டு. 4 மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 41.67. சொட்டைப் பின்னப்படுத்த முடியாது; ஆகவே 42. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கால் நிமிடத்தில் பத்து, பதினொன்று சொட்டு விழுகிறதா என்று எண்ணி, குழாயில் உள்ள சக்கரத்தை உருட்டிச் சரிசெய்கிறார். குழந்தைகளுக்கு 60 சொட்டு ஒரு மில்லியாகும் நுண்சொட்டுக் குழாய் இருக்கிறது. அதில் ஓர் அழகு உண்டு: மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. ஏன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.

இப்போது என் தலைப்புக்கு வருகிறேன். நமக்குப் பொதுத்தேர்வில் தேர்ச்சி பெற 35 மதிப்பெண் போதும். நூறில் அறுபத்தைந்து பங்கு தவறினாலும் நாம் "பாஸ்". விடை தப்பானாலும் வழி சரியாக இருந்தால் படிநிலை மதிப்பெண் உண்டு. ஐந்து மதிப்பெண் கணக்கில் புள்ளியை இடம் மாற்றிப் போட்டவளுக்கு நான்கு மதிப்பெண் கிடைக்கும். அவளும் சந்தோஷமாகப் போய்விடுவாள். பள்ளியில் அது நியாயமே. கற்கிற காலத்தில் முயற்சிக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நோயாளியின் உடம்பு படிநிலை மதிப்பெண் கொடுப்பதில்லை. பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் மன்றம் 2018-இல் கொண்டுவந்த விதிகளில், நர்ஸிங் படிப்பை முடிக்கும் மாணவி மருந்துக் கணக்குத் தேர்வில் 100-க்கு 100 வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். 99 என்றால் தோல்வி! இதை வகுப்பில் சொன்னபோது பலர் வாயைப் பிளந்தார்கள். எனக்கோ அது மட்டும்தான் நேர்மையான தேர்ச்சி எண்ணாகத் தோன்றுகிறது. நூறு நோயாளிகளில் 35 பேருக்குச் சரியான அளவு கொடுத்த நர்ஸை நாம் நல்ல நர்ஸ் என்போமா?

அக்காவின் கல்லூரி சரி என்றேன்; முழுவதும் சரி என்று சொல்லவில்லை. தேறாதவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்களாம். மறுதேர்வுக்கு முன் ஒரு வகுப்புகூட எடுக்கவில்லையாம். "பிளஸ் டூ படித்துவிட்டுத்தானே வந்தீர்கள்?" என்று கேட்டார்களாம். நூற்றுக்கு நூறு கேட்கிறவர்கள் நூற்றுக்கு நூறு சொல்லிக் கொடுக்கவும் வேண்டும் அல்லவா? கடைசியில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்திதான் விடுதியில் இரவு உட்கார்ந்து, முதலில் மனத்தில் தோராயமாகக் கணக்கிடு, பிறகு காகிதத்தில் போடு, இரண்டும் ஒத்துவராவிட்டால் கையை எடு என்று பழக்கினாளாம். மூன்றாம் முறை அக்கா தேறிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இதை எழுதத் தூண்டியது. பயிற்சிக்காக ஒரு மருத்துவமனை வார்டில் இருந்தபோது, வயதான அம்மாள் ஒருவருக்கு எழுதியிருந்த மருந்துச் சீட்டில் 25 மில்லிகிராம் என்று இருப்பதுபோல் அக்காவுக்குத் தெரிந்தது. அந்த மருந்துக்கு அது மிக அதிகமென்று மனத்தில் பட, அங்கிருந்த மூத்த நர்ஸிடம் கேட்டாள். "எழுதினதக் குடும்மா. ஸ்டூடண்ட் நீ டாக்டருக்குச் சொல்லிக் குடுக்கப் போறியா?" என்று பதில் வந்தது. அக்கா பேசாமல் நகரவில்லை. "மன்னிச்சிக்கோங்க சிஸ்டர், ஒரு தடவ கேட்டுட்டு வந்துடலாம்" என்று நின்றாள். மருத்துவரைக் கேட்டபோது அது 2.5 என்று தெரிந்தது. புள்ளி பேனாவில் பதியவில்லை. யாரும் நன்றி சொல்லவில்லை. அன்று மாலை வரை மூத்த நர்ஸ் அவளோடு பேசவும் இல்லை.

தோழியரே, நம்மைக் கேட்டுக்கொள்வோம். நம்மில் எத்தனை பேர் அப்படி நின்றிருப்போம்? வீட்டிலும் பள்ளியிலும் நமக்குச் சொல்லிக் கொடுப்பது, பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே என்பதுதான். கீழ்ப்படிதலுக்கு ஆண்டுதோறும் பரிசுகூட உண்டு. கீழ்ப்படிதலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்குச் சரியாகப் போடத் தெரிந்த பெண், தன் விடையும் பெரியவர் விடையும் வேறுபடும்போது வாய் திறக்க அஞ்சினால், அவள் போட்ட கணக்கு நோட்டோடு நின்றுவிடும். மரியாதையாக மறுபடியும் கேட்பது அடங்காமை ஆகாது. கரும்பலகையில் ஆசிரியை ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டால், "சிஸ்டர், அது 6 இல்லையா?" என்று கேட்கிற மாணவியைப் பாராட்டும் வகுப்புகள் நம் பள்ளியில் உண்டு. எல்லா வகுப்புகளும் அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று பணிவோடு எழுதுகிறேன்.

"இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் மெஷின் வந்துவிட்டதே" என்று ஒரு தோழி மடக்கினாள். மணிக்கு இத்தனை மில்லி என்று அழுத்தினால் தானே மருந்தைச் செலுத்தும் கருவிகள் பெரிய மருத்துவமனைகளில் இருக்கின்றன. கைப்பேசியிலேயே கால்குலேட்டர் இருக்கிறது. உண்மைதான். அக்காவின் 0.01 மில்லியைக் கால்குலேட்டரும் 0.01 என்றுதான் காட்டும். அது கிராமா மில்லிகிராமா என்று அதற்கு என்ன தெரியும்? 12.5 என்பதை 125 என்று அழுத்தினால் கருவி 125 என்றே ஓடும். மின்சாரம் போனால் அதுவும் இல்லை.

ஆனால் பெரியம்மாவின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருப்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. எல்லாப் பிழையையும் நர்ஸின் கணக்கறிவின்மேல் போடுவது சரியல்ல. இரவு நேரத்தில் ஒரே நர்ஸ் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கிறார். மருந்தை இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் தண்ணீர் கேட்கிறார், ஒருவர் டிரிப் தீர்ந்தது என்கிறார், தொலைபேசி அடிக்கிறது. அந்தச் சந்தடியில் நம் கணக்கு ஆசிரியைகூடத் தடுமாறுவார். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்தால் நேரும் தீங்கைக் குறைக்க ஓர் இயக்கம் தொடங்கியபோது, ஐந்து ஆண்டுகளில் தவிர்க்கக்கூடிய கடுமையான தீங்கைப் பாதியாகக் குறைப்போம் என்று இலக்கு வைத்தது. நர்ஸைத் திட்டினால் பிழை குறையாது, வேலை நடக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆபத்தான மருந்துகளை இருவர் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒருவர் போட்டதை மற்றவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. (அதற்கு நம் பள்ளியில் வேறு பெயர் உண்டு!)

நர்ஸ்களுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை மறந்துவிடுகிறார்கள். கையில் விளக்கோடு நிற்கும் படம் மட்டும் நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. கிரிமியப் போரில் இறந்த வீரர்களில் எத்தனை பேர் காயத்தால் இறந்தனர், எத்தனை பேர் தடுக்கக்கூடிய நோயால் இறந்தனர் என்று கணக்கெடுத்து, வட்ட வடிவ வரைபடமாக வரைந்து, ஆட்சியாளர்களை அசைத்தவர் அவர். 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அக்கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே. விளக்குப் படத்துக்குப் பக்கத்தில் அந்த வரைபடத்தையும் அச்சடித்தால் என்ன?

என் வேண்டுகோள் பெரிதல்ல. நேர்விகிதமும் தசமமும் நடத்தும்போது, 8 ஆட்கள் 12 நாளில் சுவர் கட்டினால் என்று தொடங்கும் கணக்குகளோடு சிரப் குப்பியையும் டிரிப் பாட்டிலையும் கொண்டுவரலாம். அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் குறைப்பதை முழு மதிப்பெண்ணாகக் குறைக்கலாம். முதல் மாதம் நாங்கள் முணுமுணுப்போம், பிறகு பழகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை, பத்தே பத்துக் கணக்கு, பத்தும் சரியாக இருந்தால்தான் தேர்ச்சி என்று ஒரு சிறு தேர்வு வைக்கலாம். மதிப்பெண் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம். தேறாதவர் பெயரை எங்கும் ஒட்டவும் வேண்டாம். தேறும் வரை எழுதலாம். நர்ஸிங் போக நினைப்பவர்கள் மட்டுமல்ல, என்றாவது ஒரு நாள் வீட்டில் காய்ச்சல் குழந்தையையோ சர்க்கரை நோயுள்ள தாத்தாவையோ பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் எல்லாரும் எழுதட்டும்.

கணக்கு ஆசிரியை இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை, "பார்க்கலாம்" என்றிருக்கிறார். அதுவரை என் பங்குக்கு இரண்டு கணக்குகள்.

ஒன்று: 5 சதவீதம் குளுக்கோஸ் கரைசல் 500 மில்லி பாட்டிலில் எத்தனை கிராம் குளுக்கோஸ் இருக்கிறது? அதை 20 சொட்டுக் குழாயில் 6 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

இரண்டு: மாத்திரையில் 0.25 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. மருத்துவர் 62.5 மைக்ரோகிராம் கொடுக்கச் சொல்கிறார். மாத்திரையில் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கால்குலேட்டர் இல்லாமல் போட்டு, அலகோடு எழுதி, 'ஆ' பிரிவில் ஜன்னலோர இரண்டாம் பெஞ்சில் கொண்டுவந்து கொடுங்கள். படிநிலை மதிப்பெண் கிடையாது.